கோட்டைத் தாண்டும் குழந்தைகள்

மும்பையின் மிகப் பின்தங்கிய வார்டில், பாடப்புத்தகம் செய்ய முடியாத சிலவற்றைக் கபடியும் காகித விளக்கும் செய்து காட்டியிருக்கின்றன. ஆனால் பள்ளிக்கூட டைம்டேபிளில் இவற்றுக்கு இன்னும் கடைசி பெஞ்ச்தான்.

அது ஒரு வினோதமான பிக்னிக். 1960-களின் இறுதி. அன்றைய பம்பாயின் கிழக்கு ஓரத்தில், மான்குர்டில் இருந்த ஜனதா காலனி என்ற குடிசைப்பகுதியிலிருந்து குழந்தைகள் திரளாகக் கிளம்பினார்கள். கையில் புளிசாதப் பொட்டலம் இல்லை. காகிதத்தில் சுருட்டிய குப்பை இருந்தது. ஆளுக்கு ஒரு கிலோ. நேராக மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள், வாசலில் வைத்தார்கள், திரும்பினார்கள். காலனியில் அள்ளப்படாமல் கிடந்த குப்பையைப் பற்றி அதுவரை காது கொடுக்காத அதிகாரிகள், அன்று பேச இறங்கி வந்தார்கள்.

அந்தப் பிக்னிக்குக்கு ஏற்பாடு செய்தவர் ஒரு தமிழ் இளைஞர். கோலார் தங்க வயலில் பிறந்து, 1963-ல் மீசை அரும்பும் வயதில் பம்பாய்க்கு வந்த ஜோக்கின் அற்புதம். தச்சு வேலை செய்துகொண்டு ஜனதா காலனியில் ஒண்டியிருந்தவர், முதலில் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பாட்டுப் பாடினார். பாட்டுக் கோஷ்டி மெல்ல ஒரு பள்ளிக்கூடமாயிற்று. பிறகுதான் குப்பை ஊர்வலம். பின்னாளில் இதே மனிதர் தேசியக் குடிசைவாழ் மக்கள் சம்மேளனத்தை உருவாக்கினார். 2000-ல் மகசேசே விருதும், 2011-ல் பத்மஸ்ரீயும் பெற்றார். 2018 அக்டோபரில் மறைந்தார். அவரது நீண்ட பொதுவாழ்க்கையின் முதல் அத்தியாயம் பாட்டும், பள்ளிக்கூடமும், ஒரு கிலோ குப்பையும்தான்.

அன்று ஊர்வலம் போன குழந்தைகளுக்கு அந்த ஒரு நாளில் கிடைத்த பாடம் எந்தக் குடிமையியல் புத்தகத்திலும் அப்படி இருக்காது. குப்பை அள்ளுவது யார் பொறுப்பு, அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது, தனியாகப் போனால் என்ன நடக்கும், கூட்டமாகப் போனால் என்ன நடக்கும் என்று கால்நடையாகவே தெரிந்துகொண்டார்கள்.

அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. ஜனதா காலனி இப்போது இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில் அதை இடித்து, அங்கிருந்தவர்களை டிராம்பே பக்கம் சீட்டா கேம்ப்பில் கொண்டுபோய் விட்டார்கள். சீட்டா கேம்ப், மான்குர்ட், கோவண்டி, தேவ்னார் எல்லாம் இன்று மும்பை மாநகராட்சியின் 'எம் கிழக்கு' வார்டு. இந்த வார்டில் குழந்தைகளுக்கு எது குறைவு என்று கேட்டால் பட்டியல் நீளும். ஆனால் வகுப்பறைக்கு வெளியே ஒரு குழந்தை என்ன கற்கும் என்ற கேள்விக்கு இந்தியாவின் பெரிய பள்ளிகள் பலவற்றைவிடத் தெளிவான பதில் இங்கேதான் கிடைத்திருக்கிறது.

பத்துக்குப் பதினைந்து

துறைமுக மார்க்க ரயிலில் குர்லா, செம்பூர் தாண்டினால் கோவண்டி. ஸ்டேஷனின் ஒரு பக்கம் டாடா சமூக அறிவியல் கழகம், மரங்கள், அமைதி. மறுபக்கம் போகப் போக வீடுகள் நெருங்கி வந்து, சிவாஜி நகர், பைங்கன்வாடி என்று விரிந்து, தேவ்னார் குப்பைமேட்டில் போய் முட்டுகிறது. 1927-லிருந்து மும்பை தன் கழிவைக் கொட்டிவரும் இடம் அது. 1971-ல் நகரின் இறைச்சிக் கூடமும் தேவ்னாருக்கு வந்து சேர்ந்தது. நகரம் தன் கண்ணில் படக் கூடாது என்று நினைத்ததையெல்லாம் இங்கே அனுப்பியது. 1970-களில் நகரின் மற்ற இடங்களிலிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகளுக்கு சிவாஜி நகரில் கொடுக்கப்பட்ட மனையின் அளவு பத்துக்குப் பதினைந்து அடி. அதில் ஒரு குடும்பம்.

மும்பை மனித வளர்ச்சி அறிக்கை 2009, நகரின் 24 வார்டுகளையும் வரிசைப்படுத்தியது. கடைசி இடம் எம் கிழக்குக்கு. குறியீடு வெறும் 0.05. குப்பைமேடு 2016 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தபோது, புகைமண்டலம் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் 70-க்கு மேற்பட்ட மாநகராட்சிப் பள்ளிகளுக்கு இரண்டு நாள் விடுமுறை விட வேண்டியதாயிற்று.

பத்துக்குப் பதினைந்து அடி அறையில் வளரும் குழந்தைக்கு விளையாட்டு என்பது தெருவில்தான். பையனுக்கு அது எளிது. காலையில் வெளியே போனால் பசிக்கும்போது திரும்புவான். பெண்ணுக்கு அந்தத் தெருவும் சுமார் 12 வயதோடு மூடிவிடும். பெரியவளான பிறகு அவள் வெளியே போவதற்கு ஒரு காரணம் வேண்டும். பள்ளிக்கூடம், தண்ணீர், கடை, டியூஷன். 'சும்மா' வெளியே போவது என்பது அவள் அகராதியில் இல்லை. பள்ளிக்கூடமும் பாதுகாப்பான காரணமல்ல. மாநகராட்சிப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை ஆரம்பப் பள்ளிகள். உயர்நிலை வகுப்புக்கு வேறு பள்ளி தேடிப் பஸ் ஏற வேண்டும் என்ற கட்டம் வரும்போது, 'இவ்வளவு படித்தது போதும்' என்று சொல்வது பல வீடுகளுக்குச் சுலபமாகிவிடுகிறது. அந்த வீடுகளைக் குறை சொல்லியும் பயனில்லை. வெளியே என்ன நடக்கும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது.

பந்து வேண்டாம், மட்டை வேண்டாம்

இந்த இடத்தில்தான் கபடி வந்தது. ஐ.சி.ஆர்.டபிள்யூ. என்ற பெண்கள் ஆய்வு நிறுவனம் மும்பையில் 'பரிவர்த்தன்' என்ற பெயரில் ஒரு திட்டம் நடத்தியது. முதலில் அது பையன்களுக்கானது. கிரிக்கெட் கோச்சுகளுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் வழியாகப் பையன்களிடம் பெண்களை மதிப்பது பற்றிப் பேச வைத்தார்கள். பள்ளி அணிகளோடு சிவாஜி நகரிலும், அங்கே 1970-களிலிருந்து வேலை செய்துவரும் அப்னாலயா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு இது நடந்தது. மும்பையின் 46 பள்ளிகளில் 10 முதல் 16 வயதுள்ள பையன்களிடம் நடத்திய மதிப்பீடு 2014-ல் வெளியானது. பையன்களின் மனோபாவம் ஓரளவு மாறியிருந்தது என்று அது சொன்னது.

பிறகு அதே யோசனையைப் பெண்களிடம் கொண்டுபோனார்கள். கிரிக்கெட்டுக்குப் பதில் கபடி. அதற்குக் காரணம் எளிது. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், வலை வேண்டாம், ஷூகூட வேண்டாம். பெண்கள் ஆடும் கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நடுவில் ஒரு கோடு. பக்கத்துக்கு 7 பேர். சுண்ணாம்பும் கொஞ்சம் மண்தரையும் கிடைத்தால் ஆட்டம் ரெடி.

தமிழர்களுக்குச் சடுகுடு, மராட்டியர்களுக்கு ஹுதூதூ என்று ஊருக்கு ஒரு பெயர். ஆனால் அண்மைக் காலம் வரை பொது இடத்தில் அது ஆம்பளை விளையாட்டு. ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990-ல் பெய்ஜிங்கில் வந்துவிட்டது. பெண்கள் கபடிக்கு 2010 குவாங்சோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொடையைத் தட்டி, உரக்கப் பாடி, எதிராளியின் காலைப் பிடித்து இழுத்து மண்ணில் புரளும் விளையாட்டை ஒரு பெண், நாலு பேர் பார்க்க ஆடுவது என்றால் சும்மாவா? அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்ணிடம் அதுவரை சொல்லப்பட்ட எல்லாவற்றுக்கும் கபடி நேர் எதிர். மெதுவாகப் பேசு என்பார்கள். இங்கே சத்தம் போடாவிட்டால் அவுட். ஒதுங்கி நில் என்பார்கள். இங்கே கோட்டைத் தாண்டினால்தான் பாயின்ட்.

சுமார் 12 முதல் 16 வயதுள்ள 150 பெண்கள். 15 மாதப் பயிற்சி. சொல்லிக் கொடுத்தவர்கள் வெளியிலிருந்து வந்த கோச்சுகள் அல்ல, அதே குடியிருப்பின் இளம்பெண்கள். முதலில் இவர்களே கபடி கற்றார்கள். பிறகு தங்களைவிடச் சிறியவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஆட்டத்தோடு பேச்சும் உண்டு. உடம்பு பற்றி, படிப்பு பற்றி, தெருவில் கேலி செய்பவர்களை என்ன செய்வது என்பது பற்றி, வீட்டில் ஒரு விஷயத்தை எப்படி எடுத்துச் சொல்வது என்பது பற்றி.

வீட்டுக்குள் நடந்த ஆட்டம்

இந்த இளம்பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்று தொடர்ந்து பேட்டி கண்டு எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரை 2018-ல் ஒரு பொதுச் சுகாதார ஆய்விதழில் வந்தது. அதில் கபடி நுணுக்கங்கள் அதிகம் இல்லை. வாசற்படிதான் அதன் விஷயம். ஒரு பெண் வீட்டை விட்டு விளையாடப் போவதற்கு எத்தனை பேரிடம் எத்தனை முறை பேச வேண்டியிருக்கிறது என்பதன் கணக்கு அது.

கடினமான ஆட்டம் களத்துக்கு வருவதற்கு முன்பே வீட்டில் நடந்தது. அப்பா அம்மாவின் கவலை பெரும்பாலும் மகளைப் பற்றியதல்ல, அக்கம்பக்கத்தைப் பற்றியது. நாலு பேர் என்ன சொல்வார்கள்? நாளைக்குக் கல்யாணம் பேசும்போது இது வந்து நிற்குமா? பெண்கள் இதை ஒரே அடியாக உடைக்கவில்லை. எங்கே போகிறோம், யாரோடு போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிச் சொல்லி நம்பிக்கையைச் சம்பாதித்தார்கள். கூடவே வரும் மற்ற பெண்களின் பலம் இருந்தது. திட்டத்தின் ஊழியர்கள் வீட்டுக்கு வந்து பேசினார்கள். ஒரு வீட்டில் அனுமதி கிடைத்தால் அது அடுத்த வீட்டுக்குச் சாட்சியாயிற்று. ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்றுதான் மாற்றம் நகர்ந்தது. சிலருக்கு அனுமதி கிடைத்துத் திரும்பப் பறிபோனது, மறுபடி கேட்க வேண்டி வந்தது.

இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் புலப்படும். அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டது விளையாட்டை மட்டுமல்ல. தனக்கு வேண்டியதைச் சொல்வது, மறுப்பைக் கேட்டுக்கொண்டு திரும்ப வருவது, வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவது, பத்துப் பேருக்குப் பொறுப்பாக நிற்பது. மேல்படிப்புக்குப் போகட்டுமா என்று வீட்டில் கேட்க வேண்டிய நாள் வரும்போது இந்தப் பயிற்சிதான் கைகொடுக்கும். பள்ளிக்கூடம் பத்து வருடம் பாடம் நடத்தலாம். 'நான் இன்னும் படிக்க வேண்டும்' என்ற ஒரு வாக்கியத்தை வீட்டில் தைரியமாகச் சொல்ல அது பழக்குவதில்லை. படிப்பு நிற்பதும் தொடர்வதும் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

மார்க் ஏறுமா?

விளையாட்டு, பாட்டு, நாடகம் என்றதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. தாராவியில் கேட்பார்கள், மாட்டுங்காவில் கேட்பார்கள், மாம்பலத்தில் கொஞ்சம் உரக்கவே கேட்பார்கள்.

நேர்மையான பதில்: கொஞ்சம் ஏறும். பிரிட்டனில் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறது. கலைகளில் ஈடுபடும் மாணவர்களுக்குப் பாடங்களில் சராசரியாக ஏறத்தாழ மூன்று மாதக் கூடுதல் முன்னேற்றம். உடற்பயிற்சி, விளையாட்டில் ஒரு மாதம். நஷ்டம் இல்லை, ஆனால் இதற்காக மட்டும் மைதானம் கட்டுங்கள் என்று சொல்லக்கூடிய அளவும் இல்லை.

விளையாட்டும் கலையும் தருவதை மார்க் ஷீட்டில் தேடுவதுதான் கோளாறு. கபடியையே எடுத்துக்கொள்ளலாம். ரெய்டு போகிறவளுக்குக் கிடைப்பது 30 விநாடி, ஒரே மூச்சு. அதற்குள் ஏழு பேர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், யார் பாயப் போகிறாள் என்று ஊகிக்க வேண்டும், தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டுமா வெறுங்கையோடு வந்தால் போதுமா என்று முடிவு செய்ய வேண்டும். தப்பாகப் போனால் அந்தக் கணமே தெரிந்துவிடும். பரீட்சைத் தாள் திரும்ப வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ரெய்டில் திருத்திக்கொள்ளலாம். தோல்வி என்பது தினமும் பத்துத் தடவை நடக்கும் சாதாரண விஷயமாகிவிடுகிறது. கணக்கில் தப்பு வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடும் குழந்தைக்கு இது சின்ன லாபமல்ல.

வகுப்பில் பின்வரிசையில் உட்காரும் ஒருத்தி களத்தில் முதல் வரிசையில் நிற்க முடியும். வாத்தியாருக்கும் அவளை வேறு கண்ணால் பார்க்க ஒரு வாய்ப்பு. இதுவரை 'மக்கு' என்ற பெயர் மட்டும் வாங்கியவளுக்கு இன்னொரு பெயர் கிடைக்கிறது. பள்ளிக்கு வர அவளுக்கு அது போதுமான காரணம். பள்ளிக்கு வருபவளுக்குத்தான் பாடம் ஏறும்.

காகிதத்தில் ஒரு வெளிச்சம்

கோவண்டியின் இன்னொரு பக்கம் நட்வர் பாரேக் காம்பவுண்ட். நகரின் சாலை, ரயில் திட்டங்களுக்காக வீடிழந்தவர்களைக் குடியேற்றிய அடுக்குமாடிக் கட்டடங்கள். குடிசை போய் கான்கிரீட் வந்தது. ஆனால் இரண்டு கட்டடங்களுக்கு இடையே சில மீட்டர்தான் இடைவெளி. கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய மறுகுடியேற்றக் கட்டடங்களில் வெளிச்சமும் காற்றும் இல்லாததற்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டியது.

அந்தக் காம்பவுண்டில்தான் 2023 பிப்ரவரி 15 முதல் 19 வரை கோவண்டி கலை விழா நடந்தது. நடத்தியது கம்யூனிட்டி டிசைன் ஏஜென்சி என்ற மும்பை அமைப்பு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து லேம்ப்லைட்டர் ஆர்ட்ஸ் கலைஞர்கள் கைகோத்தார்கள். பிரிட்டிஷ் கவுன்சில் உதவியது. வெளியூர்க் கலைஞர்கள் வந்து ஆடிவிட்டுப் போகும் கச்சேரியாக இல்லாமல், அங்கே வசிக்கும் இளைஞர்களும் சிறுவர்களும் முன்கூட்டியே பயிற்சி பெற்று, நாடகம், ராப், புகைப்படம், சினிமா என்று தாங்களே படைத்ததைக் காட்டினார்கள். உச்சகட்டம் விளக்கு ஊர்வலம். மூங்கிலை வளைத்து, காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்த உருவங்களை ஏந்திக் குழந்தைகளும் பெரியவர்களும் தெருவில் நடந்தார்கள். சூரிய வெளிச்சம் நுழையாத சந்துகளில் அன்று அவர்கள் செய்த வெளிச்சம் போயிற்று.

ஒரு காகித விளக்கு செய்வதில் என்ன படிப்பு? மூங்கிலை எந்தக் கோணத்தில் வளைத்தால் முறியாது என்பது பௌதிகம். முக்கோணச் சட்டம் ஏன் ஆடாது, சதுரம் ஏன் சாய்கிறது என்பது வடிவ கணிதம். இதெல்லாம் பாடத்திலும் உண்டு. பாடத்தில் இல்லாதது வேறு. தன் தெருவைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததெல்லாம் குப்பை, நோய், போதை, தீ என்று படித்து வளர்ந்த குழந்தைக்கு, அதே தெருவை அழகாக்க முடியும், அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்று தெரிந்தது. 'எங்கே வீடு?' என்று கேட்டால் 'செம்பூர் பக்கம்' என்று மழுப்பும் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். கோவண்டி என்று வாய்விட்டுச் சொல்லவும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022-ல், ஹிஜாப் அணிந்து ராப் பாடிய ஒரு கோவண்டிப் பள்ளி மாணவி தேசியப் பத்திரிகைகளில் இடம் பிடித்தாள். அவள் பாடியது தன் தெருவையும் தன் ஜனங்களையும் பற்றித்தான்.

கடன் வாங்கப்படும் பீரியட்

இதெல்லாம் தொண்டு நிறுவனங்கள் செய்தவை. பள்ளிக்கூடம் என்ன செய்கிறது?

கேள்வி புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் மத்திய அரசு 1952-ல் அமைத்த இடைநிலைக் கல்விக் கமிஷன், மறு ஆண்டே அறிக்கை கொடுத்தது. பாடத்துக்கு வெளியே உள்ள செயல்பாடுகள் பள்ளிக் கல்வியின் பிரிக்க முடியாத அங்கமாக இருக்க வேண்டும், எல்லா ஆசிரியர்களும் அதற்கென்று குறிப்பிட்ட நேரம் ஒதுக்க வேண்டும் என்று அது பரிந்துரை செய்தது. எழுபது ஆண்டுகள் தாண்டிவிட்டன.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இன்னும் திட்டவட்டமானது. பள்ளிக்கு மைதானம் வேண்டும், நூலகம் வேண்டும், விளையாட்டுச் சாதனங்கள் வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. 6 முதல் 8-ம் வகுப்பு வரை 100 குழந்தைகளுக்கு மேல் இருந்தால் ஓவியத்துக்கும், உடற்கல்விக்கும், கைத்தொழிலுக்கும் பகுதி நேர ஆசிரியர்கள் வேண்டும் என்றும் சொல்கிறது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையில் பல விஷயங்கள் விவாதத்துக்குரியவை. ஆனால் பாடம், பாடத்துக்கு வெளியே என்ற சுவரை அகற்ற வேண்டும், 6 முதல் 8-ம் வகுப்புக்குள் பத்து நாட்கள் புத்தகப் பை இல்லாமல் தொழில் தெரிந்தவர்களிடம் கற்க வேண்டும் என்று அதுவும் எழுதி வைத்திருக்கிறது. ஏட்டில் குறைவில்லை.

நடைமுறை வேறு. மும்பையில் இடம் தங்கம். மாநகராட்சி தமிழ் உள்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. ஒரே கட்டடத்தில் மராத்தி, ஹிந்தி, உருதுப் பள்ளிகள் மாடிக்கு ஒன்றாகவும் ஷிஃப்ட் முறையிலும் இயங்குவது இங்கே சகஜம். கீழே இருக்கும் முற்றம் எல்லாருக்கும் பொது, அதனால் யாருக்கும் சொந்தமில்லை. டைம்டேபிளில் பி.டி. பீரியட் இருக்கும். போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் அதைக் கடன் வாங்குவார். அந்தக் கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. மும்பை என்றில்லை, தமிழ்நாட்டில் படித்த யாரும் இதைச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கம்ப்யூட்டர் முதலியவற்றுக்காக அரசுப் பள்ளிகளில் 2012-ல் 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாட்கள் வேலை. மாதச் சம்பளம் ரூ. 5,000. பிறகு சிறிது சிறிதாக உயர்ந்தாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. ஒரு பாடத்தை அரசு எவ்வளவு மதிக்கிறது என்பதை அந்த ஆசிரியரின் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் தெரியும். அதே தமிழ்நாட்டில் 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள். நல்ல ஆரம்பம்தான். ஆனால் திருவிழா வருடத்துக்கு ஒரு முறை, குழந்தை வளர்வது தினமும்.

இன்னொரு நகர், இன்னொரு களம்

கோவண்டியைப் போலவே சென்னைக்கும் ஒரு கடைக்கோடி உண்டு. நதிக்கரைக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை 2000-லிருந்து குடியேற்றிய கண்ணகி நகர். முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்குள்ளவர்கள் சொல்வதுண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதியாட்டத்தில் ஈரானை வென்று தங்கம் வாங்கியது. அந்த அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர் கார்த்திகா, அங்கேயே உள்ளூர்ப் பயிற்சியாளரிடம் கபடி கற்றவர். தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. தமிழகம் ஒரு வாரம் கொண்டாடியது. முகவரியை மறைத்த பேட்டைக்கு அவர் பெயரே முகவரி ஆனது.

ஆனால் கார்த்திகாவின் தங்கத்தைக் காட்டி ஒவ்வொரு பெண்ணிடமும் மெடல் கேட்பது, மார்க் கேட்பதன் மறுவடிவம்தான். சிவாஜி நகரின் 150 பெண்கள் யாரும் இந்திய அணிக்குப் போவதற்காகக் களம் இறங்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது வாரத்தில் சில மணி நேரம் திறந்தவெளி, தங்கள் தெருவிலிருந்தே வந்த ஒரு அக்கா, வீட்டில் பேசுவதற்கு ஒரு காரணம். இந்த மூன்றில் விலை அதிகமானது மைதானம் என்று தோன்றும். உண்மையில் அரிதானது அந்த அக்கா. குழந்தைகளைக் கூட்டிவைத்துப் பாட ஒரு ஜோக்கின் அற்புதம் இல்லாதிருந்தால் ஜனதா காலனியின் குப்பை பேசப்படாமலே கிடந்திருக்கும். மூங்கில் வளைக்கச் சொல்லிக் கொடுக்க ஒருவர் உட்கார்ந்ததால்தான் நட்வர் பாரேக்கில் விளக்கு எரிந்தது.

திட்டங்களுக்கு ஒரு குறை உண்டு. அவை முடிந்துவிடும். நிதி 15 மாதத்துக்கு என்றால் 16-வது மாதம் களத்தில் சுண்ணாம்புக் கோடு அழியத் தொடங்கும். விழா ஐந்து நாள் என்றால் ஆறாவது நாள் பழைய சந்து. முடியாதது பள்ளிக்கூடம் ஒன்றுதான். ஒவ்வொரு ஜூனிலும் அது திறக்கிறது, ஒவ்வொரு ஜூனிலும் புதுக் குழந்தைகள் வருகிறார்கள். கோவண்டியின் அனுபவத்தைப் பள்ளி எடுத்துக்கொள்ளப் பெரிய செலவில்லை. பி.டி. பீரியடைக் கடன் கொடுக்காமலிருப்பது. மாலையில் முற்றத்தைப் பூட்டாமல், ஷிஃப்ட் முடிந்த பிறகு பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குவது. அதே தெருவில் பத்தாவது முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்களில் இருவரைச் சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளராக வைப்பது. கடைசியாக, வீட்டுக்குப் போய்ப் பேசுவது. அனுமதி பெறும் வேலையைக் குழந்தையின் தலையில் மட்டும் கட்டிவிடாமலிருப்பது.

கபடியில் அழகான ஒரு விதி உண்டு. அவுட் ஆனவர் வெளியே உட்காருவார். ஆனால் ஆட்டம் அவருக்கு அதோடு முடிந்துவிடாது. தன் அணியில் ஒருவர் எதிரணி ஆளை அவுட் ஆக்கினால், வெளியே போனவர்களில் ஒருவர் திரும்ப உள்ளே வரலாம். ஆடுபவர் தனக்காக மட்டும் ஆடுவதில்லை, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவளையும் உள்ளே கொண்டுவர ஆடுகிறார். ஏழாம் வகுப்போடு நின்றுபோன பெண்களைத் திரும்ப அழைக்கும் அப்படியொரு விதி நம் பள்ளிக்கூடங்களில் இன்னும் எழுதப்படவில்லை. சிவாஜி நகரின் பெண்களுக்கு அந்த விதி தெரியும். அவர்கள் அதை மண்ணில் கற்றார்கள்.